தெரியாத புராசஸ்: இடத்தைப் பார்ப்பதா, வைரஸ்டோட்டலா?

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை (புராசஸ்) காட்டும் டாஸ்க் மேனேஜரில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ (svchost.exe) வரிசையாகப் பல தடவை ஓடுகிறதா? பதறாதீர்கள், விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் புரோகிராம் அது, பல தடவை ஓடுவது சகஜம். அந்தப் பெயரை எந்த வைரஸும் சூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல், இடம்தான் காட்டிக்கொடுக்கும். ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32 திறந்தால் பெரும்பாலும் நிம்மதி. டெம்ப், டவுன்லோட்ஸ் என்று போனால் வில்லங்கம். பத்து விநாடி வேலை, இன்டர்நெட்கூட வேண்டாம். என் ஓட்டு முதலில் இதற்கே.

பெயரே புதிதாக இருந்தால் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் ஃபைலை ஏற்றுங்கள். பல டஜன் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் ஃபைலை அலசும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை; புத்தம்புது வைரஸோ எல்லாவற்றையும் ஏமாற்றிவிடலாம். ஏற்றிய ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும். அலுவலக மென்பொருள் என்றால் ஃபைலை ஏற்றாமல், அதன் ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்து-எண் வரிசை) மட்டும் அங்கே தேடுங்கள்.