ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா? இரண்டே எண் எழுதிய கம்ப்ரஷன் தாளை நம்பாதீர்கள்

பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். விற்பவர் "கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் பக்கா" என்று ஒரு தாளை நீட்டுவார். இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்று அளப்பதுதான் அந்த டெஸ்ட். அதில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கும்போது இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றியது என்பதும் எழுதியிருக்க வேண்டும். நான் வாங்கிய காருக்குக் கொடுத்த தாளில் முன் ரோட்டர் 8.1, பின் ரோட்டர் 7.9 என்று இரண்டே எண்கள். கீழே ஒரு பட்டறையின் முத்திரை, கையெழுத்து, தேதி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஏன் ஆறு என்று கேட்பீர்கள். சாதாரண இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், அதனால் ஓர் எண் போதும். ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரோட்டரி இன்ஜின், அதில் பிஸ்டனே கிடையாது. மூன்று மூலை கொண்ட ரோட்டர் ஒன்று, இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்ட ஹவுசிங்குக்குள் சுற்றுகிறது. ரோட்டரின் மூன்று முகங்களும் மூன்று தனி அறைகள். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகிறது. அறைக்கும் அறைக்கும் நடுவில் காற்று கசியாமல் தடுப்பது, ரோட்டரின் மூலைகளில் பொருத்தியிருக்கும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை. ஆர்எக்ஸ்-8இல் இரண்டு ரோட்டர்கள், ஆகவே ஆறு அறைகள், ஆறு எண்கள்.

ஒரு மூலையில் சீல் தேய்ந்தால் அதன் இரு பக்கத்து அறைகளிலும் அழுத்தம் விழும், மூன்றாவது அறை தப்பித்துக்கொள்ளும். இங்கேதான் விஷயம். பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண கேஜை மாட்டினால், அதன் ஒருவழி வால்வு மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டுப்போன இரண்டு அறைகளும் முள்ளில் தெரியவே தெரியாது. ரோட்டரிக்கென்று தனி டெஸ்டர் இருக்கிறது. அது மூன்று அறைகளையும் தனித்தனியாகப் படிக்கும். அளவுகளை நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்குத் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும். மஸ்டாவின் அளவுப்படி நல்ல இன்ஜினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ வரும். 6.9க்குக் கீழே போனால் இன்ஜின் முடிந்தது என்று அர்த்தம். ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 1.5ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1.0ஐயும் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் எனக்கு விற்ற டீலர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏனென்றால் மஸ்டாவைப் பற்றி அவருக்குத் தெரியாததே இல்லை. பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

நான் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதற்குள் கம்பெனியின் வரலாற்றையே சொல்லி முடித்துவிட்டார். "தம்பி, 1991ல லெமான் 24 மணி நேரப் பந்தயத்த ஜெயிச்ச இன்ஜின் இது" என்றார். மஸ்டா ஜெயித்தது உண்மை. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ரான் காஷோ மூவரும் ஓட்டிய 787பி கார் அது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று லெமானில் முதன்முதலாக வென்றது அன்றுதான். அடுத்த ஜப்பானிய வெற்றி டொயோட்டாவுக்கு 2018இல்தான் கிடைத்தது. ஆனால் 787பியில் இருந்தது நான்கு ரோட்டர் கொண்ட பந்தய இன்ஜின். ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரெனிசிஸ் என்ற இரண்டு ரோட்டர், 1.3 லிட்டர் இன்ஜின். புகை வெளியேறும் துளையே இதில் வேறு இடத்துக்கு, பக்கச் சுவருக்கு, மாற்றப்பட்டுவிட்டது. லெமான் கோப்பையைக் காட்டி ஆர்எக்ஸ்-8ஐ விற்பது, தாத்தா வாங்கிய மெடலைக் காட்டிப் பேரனுக்குப் பெண் கேட்பதுதான்.

அவர் சொல்லாமல் விட்ட வரலாறு ஒன்று உண்டு. மஸ்டா ஹிரோஷிமாவில் 1920இல் தக்கை தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கி, 1931இல் மூன்று சக்கர சரக்கு வண்டிக்கு வந்து, 1960இல்தான் முதல் பயணிகள் காரை விற்றது. ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து ரோட்டரி உரிமத்தை வாங்கியவர் அன்றைய தலைவர் சுனேஜி மட்சுடா. வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால், சீல்கள் அதிர்ந்து ஹவுசிங்கின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டன. அங்கிருந்த பொறியாளர்கள் அதற்குச் சாத்தானின் நகக்கீறல் என்றே பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது. கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் ஒன்று கைகூடிய பிறகுதான் 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு என்எஸ்யு தானே வெளியிட்ட ஆர்ஓ 80 கார், சீல் தேய்ந்து தேய்ந்து, வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனியைச் சாய்த்தது. 1969இல் அது ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது.

ஆக, இந்த இன்ஜின் பிறந்த நாளிலிருந்தே சீல்தான் அதன் பலவீனமான இடம். ரோட்டரி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்வார்கள்.

டீலர் இன்னொன்றும் சொன்னார்: "கம்பெனியே நம்பி வாரண்டியை நீட்டிக் கொடுத்த இன்ஜின்." இதுவும் பாதி உண்மை. 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8களுக்கு அமெரிக்காவில் ரோட்டரி இன்ஜினின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று மஸ்டா நீட்டித்தது. இன்ஜின் அருமையாக ஓடுகிறதென்ற சந்தோஷத்தில் யாரும் வாரண்டியை நீட்டுவதில்லை. அந்தக் காலமெல்லாம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஆர்எக்ஸ்-8 உற்பத்தியே 2012இல் நின்றுவிட்டது. அப்புறம் எம்எக்ஸ்-5ஐ இழுத்தார். 1989இலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்ற கார், மஸ்டா என்றாலே நம்பகம் என்றார். எம்எக்ஸ்-5 நம்பகமான கார்தான், யார் இல்லை என்றார்கள்? அதில் இருப்பது நான்கு பிஸ்டன்.

சரி, காருக்கு வருகிறேன். கம்ப்ரஷன் டெஸ்ட் வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டேன், எழுத்திலும் கேட்டேன். அதற்குக் கிடைத்ததுதான் அந்த இரண்டு எண் தாள். காரைப் பார்க்கப் போனபோதெல்லாம் அது ஏற்கெனவே ஓடிச் சூடாக நின்றது. "இப்பத்தான் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்பார்கள். சாவியைத் திருப்பியதும் பளிச்சென்று ஸ்டார்ட் ஆனது. பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் மோட்டாரும் புதிது.

அந்த ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ்-8இல் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்து, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகும். இதற்காக மஸ்டாவே பிற்பாடு வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. போடுவதில் தவறே இல்லை. ஆனால் வேகமாகச் சுற்றினால் தளர்ந்த இன்ஜினும் பிடித்துக்கொள்ளும், கேஜில் எண்ணும் கூடித் தெரியும். வேகத்தை எழுதாத கம்ப்ரஷன் தாள் எதற்கும் உதவாது என்பது இதனால்தான். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தாலும் எண் ஏறும். என் தாளில் எது நடந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது.

வாங்கிய ஆரம்பத்தில் சுகமாகத்தான் ஓடியது. இந்தக் காரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், பின்கதவு பின்னோக்கித் திறக்கும், திருப்பங்களில் நினைத்த இடத்தில் போய் நிற்கும். சுற்றுகள் ஏற ஏற ஒரு அதிர்வும் இல்லாமல் 9,000 வரை போகும். பழைய சொந்தக்காரர்கள் "சூடான பிறகு தினம் ஒரு தடவையாவது சிவப்புக் கோடு வரை விரட்டு" என்று சொல்வது, உள்ளே கரி சேராமல் இருக்க. நானும் விரட்டினேன், மறுக்கவில்லை.

பிறகு அது ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் போட நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் கதறும், இன்ஜின் பிடிக்காது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது கம்ப்ரஷன் போய்விட்டதற்கு ஊரறிந்த அடையாளம்.

டீலரிடம் போனேன். "ரோட்டரின்னா அப்படித்தான் தம்பி, ஓட்டத் தெரியணும்" என்று சொல்லி, தனக்கு வேண்டிய பட்டறைக்கு அனுப்பினார், அதே முத்திரைப் பட்டறைக்கு. வாரக்கணக்கில் வண்டி அங்கே கிடந்தது. நான்கு இக்னிஷன் காயில், நான்கு பிளக் மாற்றியதாகப் பில் வந்தது, என் பெயரில்தான். ஒரு ரோட்டருக்கு லீடிங், ட்ரெய்லிங் என்று இரண்டு பிளக் உண்டு. லீடிங்குக்குப் போக வேண்டிய வயரை ட்ரெய்லிங்கில் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். கார் இருமிக்கொண்டே வீடு வந்தது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் அடைத்துவிட்டால், வெளியேற வழியில்லாத சூடு திரும்பி இன்ஜினைத்தான் தாக்கும். ரிப்பேருக்கு விட்ட இடத்திலேயே இன்னொரு வியாதியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் ரோட்டரி வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் வயர்களைச் சரிசெய்தார். இன்ஜினைச் சூடாக்கி, சரியான டெஸ்டரை மாட்டி, திருத்திய எண்களைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். முன் ரோட்டர் 7.1, 6.9, 7.0. பின் ரோட்டர் 6.7, 5.1, 5.3. பின் ரோட்டரில் ஒரு மூலை போய்விட்டது என்பதைத் தாளைப் பார்த்தாலே படிக்கலாம். இன்ஜினை இறக்கிப் பிரித்தபோது, பின் ஹவுசிங்கின் உட்சுவரில் குரோம் பூச்சு ஓரமாக உரிந்திருந்தது. இது நான் ஓட்டிய கொஞ்ச நாளில் வந்த தேய்மானம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஹவுசிங் மறுபடி உதவாது.

"இன்ஜின் பிரித்துக் கட்டியது, புதுசு மாதிரி" என்று விளம்பரம் செய்பவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அவர் பட்டறையில்தான் தெரிந்தது. எந்த ஹவுசிங்கை மாற்றினார்கள், எந்த சீல் போட்டார்கள், எந்தத் தேதியில், யார் கட்டியது, கட்டிய பிறகு ஆறு எண் என்ன. பில் இல்லாமல் வாயால் சொன்னால், கட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்; முன்கூட்டியே சொல்லிவைத்து, பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். ஓட்டிப் பார்த்துச் சூடான பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். இந்த இன்ஜின் சீல்களை நனைப்பதற்காக வேண்டுமென்றே ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். "ஆயிலே குடிக்காது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், ஒன்று அவருக்குக் கார் தெரியாது, இல்லை அந்த ஆயிலை உள்ளே விடும் பம்ப் வேலை செய்யவில்லை. இரண்டுமே ஆகாது.

டீலரின் கியாரண்டித் தாளைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். "தேயும் பாகங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி. அபெக்ஸ் சீல் தேயும் பாகம் என்கிறார். அப்படிப் பார்த்தால் ரோட்டரி இன்ஜினில் தேயாத பாகம் எது?

இரண்டு கம்ப்ரஷன் தாள்களையும், பட்டறை பில்லையும், ஹவுசிங் படங்களையும், டெஸ்ட் வேண்டும் என்று நான் அனுப்பிய செய்தியையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு டீலரின் குரல் இறங்கியது. காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம், ஆனால் பட்டறை பில்லும் ஸ்பெஷலிஸ்ட் பில்லும் என் தலையிலாம், இதை வெளியில் எழுதவும் கூடாதாம். ஒத்துக்கொள்ளவில்லை. புகாருக்குப் பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.