லிப்ரேஆபிஸ் ரைட்டரில் தமிழ் நூல் வடிவமைப்பு: எழுத்துரு, மெனு, மொழி அமைப்புகள் பற்றிய நீண்டகால அனுபவம்

லிப்ரேஆபிஸ் தொகுப்பின் சொற்செயலியான ரைட்டர் கடிதம் அடிக்க மட்டுமே உதவும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாவலோ, அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூலோ, அச்சுக்குப் போகும் பிடிஎஃப் வரை எல்லாவற்றையும் இதிலேயே முடிக்கலாம். ஆனால் தமிழில் வேலை செய்ய வருபவர்கள் முதல் வாரத்திலேயே சலித்துப்போகிறார்கள். எழுத்துருவை மாற்றினால் மாறுவதில்லை. அளவை 11 என்று வைத்தால் 12லேயே நிற்கிறது. மொழியைத் தமிழ் என்று வைத்த பிறகும் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தமிழுக்கு ரைட்டர் தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

ரைட்டர் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று வகைகளில் ஒன்றாகப் பிரிக்கிறது. மேற்கத்திய எழுத்துகள், சீன ஜப்பானிய கொரிய எழுத்துகள், பிறகு சிடிஎல் எனப்படும் கூட்டெழுத்து வகை. தமிழ், தேவநாகரி, அரபி, தாய் எல்லாம் மூன்றாவதில் வரும். ஒரே பத்தி ஸ்டைலுக்குள், அதாவது பெயரிட்டுச் சேமித்த ஒரே அலங்காரத் தொகுப்புக்குள், எழுத்துரு, அளவு, தடிமன், மொழி ஆகிய நான்கும் மூன்று வகைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. மேற்கத்திய பகுதியில் நீங்கள் என்ன மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையாது. சிடிஎல் வசதி இயக்கப்படாத நிறுவலில் அந்த மூன்றாவது பகுதி கண்ணிலேயே படாது. அதனால்தான் மாற்றியும் மாறாதது போல் தோன்றுகிறது.

முதலில் செய்ய வேண்டியது இது. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ் பிரிவில் ஜெனரல் பக்கத்துக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் லாங்குவேஜ் செட்டிங்ஸ், உள்ளே லாங்குவேஜஸ். அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் (இதன் சுருக்கம்தான் சிடிஎல்) என்ற வரியில் டிக் போட்டு, பக்கத்துப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கீழே ‘இந்த ஆவணத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் நீங்கள் செய்த மாற்றம் திறந்திருக்கும் ஃபைலோடு நின்றுவிடும், அடுத்த புது ஃபைல் பழையபடி இந்தியில் பிறக்கும். “நேற்று சரிசெய்தது இன்று போய்விட்டது” என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பெட்டிதான்.

அதே பக்கத்தில் மூன்று மொழித் தேர்வுகள் இருப்பதைக் கவனியுங்கள். யூசர் இன்டர்ஃபேஸ் என்பது மெனுவின் மொழி. லொக்கேல் என்பது தேதி, நாணயம், தசமப் புள்ளி ஆகியவற்றின் வழக்கம். டிஃபால்ட் லாங்குவேஜ் என்பது ஆவணத்தின் மொழி. மெனுவைத் தமிழில் வைத்தால் ஆவணம் தமிழாகிவிடாது, ஆங்கிலத்தில் வைத்தால் தமிழுக்கு எந்தக் குறையும் வராது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, சொல்திருத்தி வேலை செய்யவில்லை என்று மெனு மொழியை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை இரண்டும் உண்டு. சொல்திருத்தி அகராதி எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தத் தேர்வில் மட்டுமே இயங்கும். அகராதி கிடைக்கும் மொழிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டிக் அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லாவிட்டால் அகராதியைத் தனி எக்ஸ்டென்ஷனாக நிறுவ வேண்டும். நிறுவிய பின்னும் சிவப்புக் கோடுகள் வரும், ஏனென்றால் தமிழில் வேற்றுமையும் சந்தியும் சேர்ந்து ஒரு சொல்லே பல வடிவம் எடுக்கிறது, அத்தனையும் அகராதியில் அடங்காது. வடிவமைப்பு வேலை நடக்கும்போது ஷிஃப்ட்+எஃப்7 அழுத்திக் கோடுகளை மறைத்துவிட்டு, மெய்ப்புப் பார்க்கும்போது மட்டும் திரும்பக் கொண்டுவருவது கண்ணுக்கு நல்லது.

எழுத்துரு

லினக்ஸில் புதிதாக நிறுவிய ரைட்டரில் தமிழ் அடித்தால் எழுத்துருப் பெட்டியில் ‘லோஹித் தேவநாகரி’ என்று வருவது பலரையும் திகைக்க வைக்கும். சிடிஎல் வகைக்கு இயல்பாக வைத்திருப்பது அந்த எழுத்துரு. அதில் தமிழ் இல்லை, ஆகவே கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை ரைட்டர் தானே இரவல் வாங்கிக் காட்டுகிறது. திரையில் தமிழ் தெரிவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். அதே ஃபைலை வேறு கணினியில் திறந்தால் இரவல் வேறொன்றாகும், வரி நீளம் மாறும், பக்க எண்ணிக்கை மாறும், பொருளடக்கம் குலையும்.

இரவல் எழுத்துருவைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள். பெட்டியில் பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால் அந்த எழுத்துரு கணினியில் இல்லை. மற்றொன்று வரி இடைவெளி: ஒரே பத்தியில் சில வரிகள் மட்டும் விலகி நின்றால் அந்த வரிகளில் வேறு எழுத்துரு புகுந்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் மேல் கீழ் உயரம் வேறு என்பதால் இப்படி நேர்கிறது.

சரிசெய்ய வேண்டிய இடம் டூல்பார் அல்ல, ஸ்டைல். எஃப்11 அழுத்தி டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலைத் திருத்துங்கள். ஃபான்ட் பக்கத்தில் மேற்கத்திய பகுதிக்கும் சிடிஎல் பகுதிக்கும் தனித்தனி இடம் இருக்கும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவற்றில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வருவதால் இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் போடலாம், எண்களும் நிறுத்தற்குறிகளும் தமிழோடு இசைந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழின் பழைய வெளியீடுகளில் ஆங்கில எழுத்து இல்லை. அதை எடுத்தால் மேற்கத்திய பகுதிக்கு நோட்டோ சான்ஸ் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். பிறகு முழுப் பிரதியையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எம் அழுத்தினால் டூல்பாரிலிருந்து ஒட்டிய அலங்காரங்கள் எல்லாம் நீங்கி ஸ்டைல் மேலெழும். ஒரு எச்சரிக்கை: தேவையான தடிமனும் சாய்வும்கூடப் போய்விடும், அவற்றை முன்கூட்டியே கேரக்டர் ஸ்டைலாக மாற்றிவிடுங்கள். 7.6 பதிப்பு முதல் இருக்கும் ஸ்பாட்லைட் வசதி, நேரடி அலங்காரம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று பிரதிக்குள்ளேயே அடையாளம் போட்டுக் காட்டுகிறது. தமிழ் நூல் வேலைக்கு அண்மை ஆண்டுகளில் சேர்ந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா என்ற தமிழ் எழுத்துருக்கள் இரண்டும் தானாக வருவதில்லை. பழைய ஃபைல்கள் லதாவில்தான் இருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். புதிதாக நிறுவிய எழுத்துரு பட்டியலில் தெரியாவிட்டால் ரைட்டரை முழுதாக மூடித் திறங்கள். ரைட்டர் தொடங்கும்போதுதான் எழுத்துருப் பட்டியலை வாசிக்கிறது.

வேரியபிள் எழுத்துருக்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரே ஃபைலில் எல்லாத் தடிமனும் அடங்கிய இந்த வகை பிடிஎஃப்பில் முறையாகப் பதிவது 7.5 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய பதிப்பில் திரையில் தடிமனாகத் தெரிந்த தலைப்பு பிடிஎஃப்பில் மெலிந்து வரும். தனித்தனி ஃபைல்களாக வரும் ஸ்டாட்டிக் வகையை நிறுவுவதே பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்து நிறுவ வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு எழுத்துரு இருந்தால் எது பிடிபடும் என்று சொல்ல முடியாது.

பாமினியில் வரும் பிரதிகள்

இது தனி உலகம், இன்னும் முடிந்தபாடில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் தெரியும். ரைட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்: மேற்கத்திய வகையில் சேரும், சிடிஎல் அமைப்பு எதுவும் அதைத் தொடாது.

இதில் உண்மையான ஆபத்து ஆட்டோகரெக்ட். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சிறிய எஃப் பெரிய எஃப் ஆகும். பாமினியில் முன்னது ‘க’, பின்னது ‘கு’. ‘கடல்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘குடல்’ என்று மாறிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொல் என்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் நழுவும். பாமினிப் பிரதியில் திருத்தம் தட்டச்சு செய்வதற்கு முன்பே டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து அந்த டிக்கையும், லோக்கலைஸ்டு பக்கத்தில் மேற்கோள் குறி மாற்றத்தையும் எடுத்துவிடுங்கள்.

யூனிகோடுக்கு மாற்றும்போது முழுப் பிரதியையும் எழுத்துரு மாற்றும் கருவியில் கொட்டக் கூடாது. நடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகும். கன்ட்ரோல்+எச் திறந்து, தேடும் பெட்டியைக் காலியாக விட்டு, அதர் ஆப்ஷன்ஸில் ஃபார்மட் வழியாக பாமினி என்ற எழுத்துருவைக் கொடுத்து ஃபைண்ட் ஆல் அழுத்துங்கள். பாமினியில் இருப்பவை மட்டும் தேர்வாகும். எவ்வளவு, எங்கெங்கே என்று தெரிந்த பிறகு பகுதி பகுதியாக மாற்றலாம்.

மாற்றிய பிறகும் சில மறைந்த பிழைகள் தங்கும். ‘ௌ’ குறியின் வலப்பக்கம் ‘ள’ போலவே இருப்பதால், கொம்பு ஒன்றும் ‘ள’ ஒன்றும் சேர்ந்த போலி வடிவம் நிறைய வரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. ‘ஸ்ரீ’ கூட ஸகரத்தில் தொடங்கி ஒரு வடிவமும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு வடிவமும் உண்டு. எழுத்துரு இரண்டையும் ஒரே உருவில் காட்டும். நூலுக்கு அகரவரிசைக் குறிப்பு போடும் முன் இவற்றை ஒருமுகப்படுத்தாவிட்டால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் நிற்கும். புள்ளி வட்டம் தெரிந்தால் உயிர்க்குறி தன் மெய்யை இழந்து நிற்கிறது என்று பொருள். வட்டத்துக்கு முன்னும் பின்னும் அழித்து அந்த எழுத்தை மீண்டும் அடிப்பதே விரைவான வழி.

மெனு காணாமல் போனால்

மெனு வேறு மொழிக்கு மாறி, படிக்க முடியாத நிலையில் ஆல்ட்+எஃப்12 அழுத்துங்கள். ஆப்ஷன்ஸ் திறக்கும். இடப்பக்க மரத்தில் மூன்றாவது கிளைதான் மொழி. நீங்கள் விரும்பும் மொழி பட்டியலிலேயே இல்லையென்றால் அது நிறுவப்படவில்லை: விண்டோஸில் நிறுவியை மீண்டும் இயக்கி, கஸ்டம் தேர்வில் கூடுதல் இடைமுக மொழிகளைச் சேர்க்க வேண்டும், லினக்ஸில் தமிழ் மொழித் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

மெனு எழுத்துகள் சிதைந்தோ கறுப்புக் கட்டமாகவோ தெரிந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டாம், வரைகலைதான் காரணமாக இருக்கும். ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தில் ஸ்கியா என்ற வரைகலைக் கருவியை மென்பொருள் வழி வரையும்படி கட்டாயப்படுத்தும் டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் ஹெல்ப் மெனுவில் சேஃப் மோட். அதுவும் திறக்காவிட்டால் பயனர் கோப்புறையைப் பெயர் மாற்றுங்கள், அழிக்க வேண்டாம்: உங்கள் டெம்ப்ளேட்டுகளும் சேர்த்த சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன. பதிப்பு 5, 7, 24 என்று எதுவானாலும் அந்தக் கோப்புறை 4 என்ற எண்ணுக்குள்ளேயே இருக்கும். பழைய பதிப்பின் மிச்சம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

வரி, பத்தி, பிடிஎஃப்

இருபக்கமும் சீராக்கிய தமிழ்ப் பத்தியில் சொற்களுக்கிடையே பள்ளம் விழுவதுதான் ரைட்டரின் பெரிய குறை. நீளச் சொற்களைத் தானாக உடைக்கும் தமிழ் விதிகள் இதில் உடன் வருவதில்லை. கன்ட்ரோல்+/ அழுத்தினால் அகலமில்லாத முறிவு இடம் ஒன்று விழும், சொல் அங்கே கோடில்லாமல் உடையும். புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கமாக வராதபடி இடம் பாருங்கள். முறிவு விழுந்த சொல் தேடலில் அகப்படாது என்பதால் இதை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே செய்ய வேண்டும். ‘ரிக்‌ஷா’வில் க், ஷ இரண்டும் ஒட்டாமல் நிற்க வேண்டுமானால் நடுவில் இணைப்பு நீக்கும் குறி தேவை: அதன் குறியெண்ணான 200சி என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து உடனே ஆல்ட்+எக்ஸ் அழுத்துங்கள்.

வரி இடைவெளியை விகிதத்தில் வைக்காமல் ஃபிக்ஸ்டு என்று வையுங்கள். 11 புள்ளித் தமிழுக்கு 16 அல்லது 17 புள்ளி நன்றாக இருக்கும். 13க்குக் கீழே போனால் ‘கீ’, ‘டி’ போன்றவற்றின் மேல் வளைவு வெட்டுப்படலாம்.

ஃபைலைப் பிறருக்கு அனுப்பும்போது ஃபைல் மெனுவின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட் பக்கத்தில் எழுத்துருவை உட்பொதிக்கும் டிக் போடுங்கள். அங்கே லத்தீன், ஆசியம், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று உண்டு, காம்ப்ளெக்ஸ் விடுபட்டால் தமிழ் போகாது. அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் பிடிஎஃப் வாசிப்பானின் ப்ராப்பர்ட்டீஸில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஸ்டைலில் வைக்காத பெயர் ஒன்று அங்கே தென்பட்டால் எங்கோ ஒரு பத்தி இன்னும் இரவலில் ஓடுகிறது. பெரும்பாலும் அது அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு, பட்டியல் எண் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.