பெர்சோனா 3: எஃப்இஎஸ்ஸா, போர்ட்டபிளா, ரீலோடா?

பெர்சோனா 3 என்ற ஜப்பானிய வீடியோ கேமை முதன்முறையாக ஆடப்போகிற ஒருவர் "எந்தப் பதிப்பை எடுக்கட்டும்?" என்று கேட்டால் போதும், பழைய ஆட்டக்காரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி 2007-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த எஃப்இஎஸ்ஸுக்காக நிற்கும். இன்னொன்று, 2009-இல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு வந்த போர்ட்டபிளுக்காக. மூன்றாவது, 2024 பிப்ரவரி 2 அன்று அட்லஸ் நிறுவனம் வெளியிட்ட ரீமேக்கான (மறுஆக்கம்) ரீலோடுக்காக. 2006-இல் வந்த முதல் பதிப்புக்கு மட்டும் கட்சியே கிடையாது. அதில் இருந்ததெல்லாம் எஃப்இஎஸ்ஸுக்குள் இருக்கிறது, மேலும் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொரு பழைய ஆட்டத்தின் மறுஆக்கமான ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் கதையிலேயே கைவைத்தது; அதனால் அங்கே நடக்கிற சண்டை கதையைப் பற்றியது. ரீலோட் அப்படிச் செய்யவில்லை. மூலக்கதையை மிகுந்த விசுவாசத்தோடு பின்பற்றுகிறது. பிறகு எதற்குச் சண்டை? 2006-இல் வந்தபோது இந்த ஆட்டத்தில் எரிச்சலூட்டும் விஷயங்கள் நிறைய இருந்தன. அடுத்தடுத்த பதிப்புகள் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தன. அந்த எரிச்சல்களில் எது வெறும் குறை, எது ஆட்டத்தின் உயிர் என்பதில்தான் யாருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். நள்ளிரவு 12 மணிக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு மணிநேரம். அப்போது ஊரில் உள்ளவர்கள் சவப்பெட்டிகளாக நிற்பார்கள், பள்ளிக்கூடம் டார்டரஸ் என்ற கோபுரமாக முளைக்கும். சில மாணவர்கள் மட்டும் அந்த நேரத்தில் விழித்திருக்கிறார்கள். துப்பாக்கி போன்ற ஒரு கருவியைத் தங்கள் தலையிலேயே வைத்துச் சுட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் பெர்சோனா என்ற மாய வடிவத்தை வெளியே அழைத்துச் சண்டை போடுகிறார்கள். பகலில் வகுப்பு, நண்பர்கள், பரீட்சை. நாள்காட்டி 2009 ஏப்ரலில் தொடங்கி 2010 ஜனவரி முடிவை நோக்கி ஒவ்வொரு நாளாக நகரும். சாவைப் பற்றிய கதை இது. அதை மறந்துவிட்டு இந்தப் பதிப்புகளை ஒப்பிட முடியாது.

கூட்டாளிகள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

எஃப்இஎஸ்ஸின் மிகப் பெரிய வழக்கு இதுதான். அங்கே நாயகனை மட்டுமே நேரடியாக இயக்க முடியும். மற்ற மூவருக்கும் "முழுப் பலத்தோடு தாக்கு", "குணப்படுத்துவதைக் கவனி" என்று பொதுவாக ஓர் உத்தி சொல்லலாம், அவ்வளவுதான். அந்த உத்தியை எப்படி நிறைவேற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பல நேரங்களில் மோசமாக முடிவு செய்வார்கள். மிட்சுரு என்ற மாணவர் தலைவி, எதிரியை மயக்கும் 'மாரின் காரின்' வித்தையை நேரம் காலம் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருப்பது ஆட்டக்காரர்களிடையே பல வருட நகைச்சுவை. அவர் கையில் அருமையான பனித் தாக்குதல் இருக்கும், எதிரில் பனிக்கு நடுங்கும் எதிரி இருப்பான், அம்மையார் மயக்கப் பார்ப்பார். போதாக்குறைக்கு நாயகன் விழுந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. உடனடி மரண வித்தை ஒன்று பட்டால் போச்சு, சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஏறணும்.

எஃப்இஎஸ் ரசிகர்கள் இதையும் நியாயப்படுத்துகிறார்கள். கூட்டாளிகள் நம் கைப்பொம்மைகள் அல்ல, தனித்தனி மனிதர்கள். சொன்னதை அப்படியே செய்ய மாட்டார்கள் என்பதே அவர்களுக்கு உயிர் கொடுக்கிறது என்பது வாதம். முதலில் கேட்டால் சப்பைக்கட்டு போலத் தோன்றும். ஆனால் ஆடிப் பார்த்தால் அதில் பாதி உண்மை. முதல் பாதியில் இந்தக் குழுவுக்கு ஒருவரையொருவர் பிடிக்காது. ஜுன்பேக்கு நாயகன் மேல் பொறாமை. யுகாரிக்கு மிட்சுரு மேல் சந்தேகம். அப்படிப்பட்ட கூட்டம் சண்டையில் ஒரே உடம்பாக இயங்கினால்தான் பொய். மீதிப் பாதி வெறும் மோசமான நிரல். கதை முன்னேறி அவர்கள் நெருக்கமான பிறகும் மிட்சுரு திருந்துவதில்லையே!

போர்ட்டபிள் நேரடிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ரீலோடிலும் அது உண்டு. வேண்டுமானால் பழையபடி உத்தி மட்டும் சொல்லிவிட்டும் ஆடலாம். ரீலோட் இதற்கு மேலும் ஒன்று செய்திருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தியர்ஜி என்ற சிறப்புத் தாக்குதலுக்கான மானி ஒவ்வொருவருக்கும் வேறு விதமாக நிரம்பும். யுகாரி குணப்படுத்தினால் நிரம்பும். மிட்சுருவுக்கு எதிரிமேல் மயக்கம், குழப்பம் போன்ற பாதிப்புகளை ஏற்றினால் நிரம்பும். பழைய கேலிக்குரிய குணத்தையே எடுத்து விதியாக மாற்றியிருக்கிறார்கள். ஆளுக்கொரு சுபாவம் என்ற எண்ணத்தையும் காப்பாற்றி, கட்டுப்பாட்டையும் நம் கையில் கொடுத்த இந்த இடத்தில் ரீலோட் தெளிவாக ஜெயிக்கிறது என்பேன். தியர்ஜி அளவுக்கு மீறிப் பலமாக இருப்பதால் பெரிய எதிரிகள்கூடச் சீக்கிரம் சுருண்டுவிடுகிறார்கள் என்ற புகார் நியாயம்தான். அதற்கு மருந்து, கடினமான நிலையில் ஆடுவது.

களைப்பு

எஃப்இஎஸ்ஸில் டார்டரஸில் அதிக நேரம் சுற்றினால் ஆட்கள் களைத்துப்போவார்கள். அடி பிசகும், உடம்பு நோகும், "போதும், கிளம்பலாம்" என்பார்கள். மறுநாள் நாயகன் வகுப்பில் தூங்கி வழிவான், சில நாள் சளிகூடப் பிடிக்கும். ஆக ஒரு மாதத்தில் எந்தெந்த இரவு கோபுரம் ஏறுவது, எந்த இரவு சீக்கிரம் படுப்பது என்று கணக்குப் போட வேண்டும். ரீலோடில் இந்தக் களைப்பு முறை இல்லை. ஆற்றல் இருக்கும்வரை ஏறலாம். வழியில் கிடைக்கும் துண்டுகளைக் கொடுத்து ஒரு கடிகாரத்தின் முன்னால் முழுசாகத் தேறிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்குரிய தளங்கள் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, மீதி நாட்களை ராமென் கடையிலும் திரைப்படத்திலும் கழிக்கிறவர்கள்தான் அதிகம்.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டாளிகள் சொன்னபடி கேட்காத விவகாரத்தைவிட இந்த இழப்பே பெரியது என்பது என் கட்சி. நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன, உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்று கதை சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தின் விதிகளோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஃப்இஎஸ்ஸில் அந்த எல்லையை நாமே அனுபவித்தோம். எதிர்த்தரப்பு சொல்வதும் புரிகிறது: 250-க்கும் மேற்பட்ட தளங்கள், பெரும்பாலும் ஒரே மாதிரித் தாழ்வாரங்கள், அதில் களைப்பு வேறா? சரிதான். ஆனால் அது கோபுரத்தின் குற்றம். ரீலோட் கோபுரத்துக்கு வண்ணமும் உயரமும் கொடுத்து, இடையிடையே புதையல் கதவுகளையும் வைத்து அலுப்பைக் குறைத்திருக்கிறது. இவ்வளவு செய்தவர்கள் களைப்பையும் திருத்தி வைத்திருக்கலாம், எடுத்தே எறிந்திருக்க வேண்டாம்.

போர்ட்டபிளின் துருப்புச்சீட்டு

பார்க்க ஏழை இது. பிஎஸ்பியில் இடம் போதாததால் ஊரிலும் பள்ளியிலும் நடக்க முடியாது. படத்தின் மேல் சுட்டியை நகர்த்தி ஆளைத் தொட்டுப் பேச வேண்டும். அனிமே காட்சிகள் போயின. 2023 ஜனவரியில் இன்றைய கருவிகளுக்கு வந்த மறுபதிப்பும் இதையேதான் கொண்டுவந்தது. பின்னணிப் படங்களைப் பெரிதாக்கியதில் அவை குழைந்து தெரிகின்றன என்று பலர் முகம் சுளித்தார்கள்.

இருந்தும் இந்தக் கட்சி கரையாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே: இதில் மட்டும்தான் பெண் நாயகி உண்டு. வெறும் உருவ மாற்றம் இல்லை. அவள் கலகலப்பானவள், வாயாடி. வாளுக்குப் பதில் நகினாட்டா என்ற நீண்ட ஆயுதம். சண்டைக்கும் பள்ளிக்கும் தனிப் பாட்டுகள். முக்கியமாக, ஆண் நாயகன் நெருங்கிப் பழக முடியாத கூட்டாளிகளோடு அவள் பழகலாம். ஆண் வழியில் எஃப்இஎஸ்ஸின் ஜுன்பே, அகிஹிகோ, கென் எல்லாம் விடுதித்தோழர்கள் மட்டுமே. அவர்களுக்கென்று நட்புக்கதை கிடையாது. பெண் வழியில் அவர்களின் பயமும் வெட்கமும் வெளியே வருகின்றன. முயன்றால் மூலக்கதையில் பறிபோகும் ஓர் உயிரைக் காப்பாற்றவும் முடியும். யார் என்று சொல்ல மாட்டேன்.

ரீலோடில் அவள் இல்லை என்று தெரிந்தபோது எழுந்த சத்தம் இன்னும் அடங்கவில்லை. தயாரிப்பாளர் கஸுஹிசா வாடா, நேரமும் செலவும் கைமீறிப் போகும் என்று விளக்கினார். நம்பக்கூடிய விளக்கம். எல்லா நட்புக்கதைகளுக்கும் குரல் கொடுத்திருக்கும் ஆட்டத்தில் இன்னொரு நாயகி என்றால் ஏறக்குறைய இன்னோர் ஆட்டம். ஆனால் வாங்குகிறவர் ஏன் தயாரிப்புச் செலவை நினைத்து அனுதாபப்பட வேண்டும்? கணினியில் ரசிகர்களே அவளை ரீலோடுக்குள் கொண்டுவரும் 'மாட்' (ரசிகர்கள் செய்யும் ஆட்டத் திருத்தம்) வேலையில் இறங்கிவிட்டார்கள்.

ரீலோட் இந்த ஓட்டையை வேறு விதமாக அடைக்கப் பார்த்தது. ஆண் கூட்டாளிகளுக்கு 'லிங்க்டு எபிசோட்' என்று சிறு கதைகள். விடுதியில் அவர்களோடு சமைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, டிவிடி பார்ப்பது. காதல் விஷயத்திலும் ஒரு நல்ல திருத்தம். பழைய ஆட்டத்தில் ஒரு பெண்ணோடு நட்பை முழுமையாக்கினாலே காதல்தான், வேறு வழியில்லை. பிறகு இன்னொருத்தியிடம் பேசினால் முதலாமவள் கோபித்துக்கொள்வாள். இப்போது நட்பாகவே நிறுத்திக்கொள்ளலாம். அப்பாடா. பழைய புத்தகக்கடைத் தாத்தா பாட்டி, சாவை எதிர்நோக்கிக் கோயில் வளாகத்தில் கதை எழுதும் அகினாரி ஆகியோரின் கதைகள் மூன்று பதிப்பிலும் உண்டு. குரலோடு கேட்கும்போது அகினாரியின் கதை இன்னும் ஆழமாக இறங்குகிறது.

கண்ணுக்கும் காதுக்கும்

படத்தில் ரீலோடோடு போட்டியே இல்லை. தண்ணீருக்குள் மிதப்பது போல அமைந்த மெனுவை மட்டும் திறந்து திறந்து பார்க்கலாம். ஒரே முணுமுணுப்பு நிறத்தைப் பற்றியது. எஃப்இஎஸ்ஸின் நள்ளிரவில் நோய் பிடித்த ஒரு பச்சை இருக்கும். மங்கலான படமே அதற்குக் கூடுதல் கிலி. ரீலோடின் சுத்தமான வெளிச்சத்தில் அந்தக் கிலி கொஞ்சம் குறைவு.

பாட்டு விஷயத்தில் கட்சி கட்சியாக மோதுகிறார்கள். ஷோஜி மெகுரோ அமைத்த மூலப் பாடல்களை யூமி கவாமுரா பாடினார்; ரீலோடில் அசூமி தகஹாஷி பாடுகிறார், ராப் மட்டும் அன்றும் இன்றும் லோட்டஸ் ஜூஸ். 'மாஸ் டிஸ்ட்ரக்‌ஷன்' பாட்டைப் பழைய குரலில் ஆயிரம் முறை கேட்டவருக்குப் புதுக்குரல் ஒட்டாது, அதை வாதம் செய்து மாற்ற முடியாது. ஆனால் புதிதாகச் சேர்ந்த 'கலர் யுவர் நைட்', 'இட்ஸ் கோயிங் டவுன் நவ்' இரண்டையும் பழைய கட்சிக்காரர்களே முணுமுணுக்கிறார்கள். ஆங்கிலக் குரல்களில் முக்கியக் குழுவை முழுவதுமாக மாற்றிவிட்டார்கள். ஜப்பானியத்தில் ஆடுகிறவருக்கு இந்தத் தகராறே இல்லை, பழைய குரல்கள் திரும்பியிருக்கின்றன.

அப்போ எது?

முதன்முறை ஆடுகிறவருக்கு ரீலோட். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. எழுபது, எண்பது மணிநேரம் பிடிக்கும் ஆட்டத்தை மாரின் காரினோடு போராடிப் பாதியில் விட்டுவிடுவதைவிட, ஒருமுறை கதையை முடிவுவரை பார்ப்பது மேல். முடித்த பிறகு இன்னும் பசி இருந்தால் போர்ட்டபிளைப் பெண் வழியில் ஆடுங்கள். ஆண் வழியில் ஆடினால் நேரம் வீண். எஃப்இஎஸ் இன்றைய கருவி எதிலும் விற்பனைக்கு இல்லை. பழைய வட்டு, அல்லது 2012-இல் பிளேஸ்டேஷன் 3-இன் இணையக் கடைக்கு வந்த பதிப்பு என்று தேட வேண்டும். பொறுமையும் பழைய கருவியும் உள்ளவர்கள் குளிர்கால மாதங்களுக்காகவாவது ஆடிப் பார்க்கலாம். களைப்பு விதி அங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

ஒரு விஷயம் பாக்கி: 'தி ஆன்சர்' என்ற, முடிவுக்குப் பிறகு நடக்கும் கதை. எஃப்இஎஸ்ஸில் இது வட்டிலேயே சேர்ந்து வந்தது. போர்ட்டபிளில் கிடையாது. ரீலோடில் 2024 செப்டம்பர் 10 அன்று 'எபிசோட் ஐகிஸ்' என்ற பெயரில் டிஎல்சியாக (தரவிறக்கும் கூடுதல் பகுதி) வந்தது. அதுவும் தனியாக விற்கவில்லை, தொடரின் நான்காம், ஐந்தாம் பாகங்களின் பாட்டு, சில உடைகளோடு கட்டி 34.99 டாலர் பாஸாக. 69.99 டாலர் கொடுத்து ஆட்டத்தை வாங்கியவரிடம் அதில் பாதியை மறுபடி கேட்டால் கோபம் வராதா? 2007-இல் உள்ளேயே இருந்த பகுதி வேறு. எஃப்இஎஸ்ஸில் இது கொடுமையான கடினத்தில் இருந்தது, சேர்த்த பெர்சோனாக்களைத் திரும்ப எடுக்கும் புத்தகமும் இல்லை. ரீலோட் இரண்டையும் சரிசெய்திருக்கிறது. ஆனாலும் பகலில் பள்ளி இல்லை, நண்பர்கள் இல்லை, வெறும் சுரங்கமும் சண்டையும்தான். நாயகனின் முடிவு உங்களை விடாமல் துரத்தினால் வாங்குங்கள். வெறும் ஆர்வம் என்றால் யூடியூபில் காட்சிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், பெரிதாக எதுவும் தவறிப்போகாது.