வெந்நீர் அடுப்பில் ஒரு ஸ்டெர்லிங் எஞ்சின்: மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாகக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டிய இந்த எஞ்சின் எனக்குத் தருவது 0.2 வாட். மூன்று வெள்ளை எல்.இ.டி. எரியும். செல்போனில் சார்ஜ் ஏறாது. செலவான நாலாயிரம் ரூபாய்க்கு 50 வாட் சோலார் பேனலே வந்திருக்கும். இதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு தினமும் விடிகாலையில் ஒரு மணி நேரம் எரியும். தேங்காய் மட்டை, பன்னாடை, கிடைத்த விறகு. அந்தச் சூட்டில் கொஞ்சத்தை மின்சாரமாக்கலாமே என்று தொடங்கியது. நீராவி என்றால் கொதிகலன், கூடவே பயம். 1816இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில் கொதிகலன் கிடையாது. மூடிய டப்பாவுக்குள் இருக்கும் அதே காற்றுதான் சூடாகி விரிகிறது, குளிர்ந்து சுருங்குகிறது. காற்றை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிவிட உள்ளே ஒரு தளர்வான உருளை, அதற்கு டிஸ்பிளேசர் என்று பெயர். வேலை வாங்க ஒரு பிஸ்டன். இரண்டும் சக்கரத்தைச் சுற்றும் வளைந்த தண்டில், அதாவது கிராங்கில், 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். தத்துவம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் கசிவும் உராய்வும்.

முதல் எஞ்சினைக் கூல்டிரிங்க்ஸ் டின்னில் செய்தேன். அலுமினியம் சூட்டை மளமளவென்று மேலே கடத்திவிட்டது. ஐந்தே நிமிடத்தில் குளிர்ப்பக்கமும் கொதித்தது, சக்கரம் நின்றது. போதாததற்கு அடிப்பக்க இணைப்பைச் சால்டரிங் ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன். அது 183 டிகிரியில் உருகும் என்பது அடுப்புக்குள் சொட்டிய பிறகுதான் உறைத்தது. அடுத்தது எவர்சில்வர். மெல்லிய எவர்சில்வர் சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் மேலே குளிர்ச்சி நிற்கும். இணைப்புகளை ஆர்கான் வெல்டிங் பட்டறையில் போட்டு வாங்கினேன். அந்த உடம்பு இன்றுவரை உழைக்கிறது.

பிஸ்டனுக்கு 20 மில்லி கண்ணாடி சிரிஞ்ச். வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள்: முனையை விரலால் அடைத்து, செங்குத்தாகப் பிடித்தால் தண்டு அசைந்து அசைந்து மெதுவாக இறங்க வேண்டும். சடாரென்று விழுந்தால் கசிகிறது. இறங்கவே இல்லை என்றால் இறுக்கம். நான் புத்திசாலித்தனமாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், அந்தப் பிசுக்கே எஞ்சினை நிறுத்திவிட்டது. துடைத்துவிட்டு பென்சில் கிராஃபைட் தூளைத் தடவினேன், சரியானது. இரண்டாம் வருடம் மறுபடி இறுகியது. சூட்டைத் தேக்கிவைக்க உள்ளே திணித்திருந்த இரும்புப் பஞ்சு துருப்பிடித்து உதிர்ந்து, அந்தத் தூள் கண்ணாடியைக் கீறியிருந்தது. இப்போது துருப்பிடிக்காத கம்பிப் பஞ்சு.

ஜெனரேட்டர் கதை தனி. பழைய பிரிண்டரின் ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டினேன். அதைக் கையால் திருப்பினாலே கட் கட்டென்று பிடிக்கும், அந்தப் பிடிப்பைத் தாண்ட என் எஞ்சினுக்குத் தெம்பில்லை. டிவிடி டிரைவின் பிரஷ்லெஸ் மோட்டார் பிடிக்காமல் ஓடியது. ஆனால் வரும் சொற்ப வோல்ட்டில் கணிசமான பங்கை, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சாதாரண டையோடுகளே தின்றுவிட்டன. குறைவாகத் தின்னும் ஷாட்கி வகை டையோடு மாற்றிய பிறகுதான் விளக்கு எரிந்தது.

அடுப்பைவிடக் குளிர்ப்பக்கத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தை மாதக் காலையில் நிமிடத்துக்கு 420 சுற்று. மே மாதம் மாலையில் ஓட்டிப் பார்த்தேன், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கை பொறுக்காத சூடு, 250ஐத் தாண்டவில்லை. இப்போது மண்பானைத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றிவிட்டு வெந்நீர் அண்டாவில் விழுகிறது. கொஞ்சம் முன்கூட்டியே சூடாகிப் போவது லாபம்.

பிஸ்டனே வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் வெறுத்துப்போனேன். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் குக்-யார்பரோ என்பவர் உலோக உதரவிதானம் (மெல்லிய வளையும் தகடு) அதிர்ந்து மின்சாரம் தரும் ஸ்டெர்லிங் வகை ஜெனரேட்டர் செய்தார். உரசும் சீல் கிடையாது. 1970களில் கடல் மிதவை ஒன்றில் ஓடியது. அதே யோசனையில் நான் பிஸ்டனுக்குப் பதிலாக ரப்பர் கையுறையை வெட்டிக் கட்டினேன். இரண்டு மாதத்தில் சூடு பட்டு மொறமொறவென்று உடைந்தது.

சக்தி கூட வேண்டுமென்றால் உள்ளே காற்றழுத்தத்தை ஏற்ற வேண்டும். சைக்கிள் பம்பு கையில் இருந்தது, ஆனால் தொடவில்லை. அழுத்தக் காற்று, சூடு, துளி எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் டப்பா வெடிக்கும். இந்த ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. வெளிச்சத்தை வீட்டில் யாரும் சீந்துவதில்லை. ஆனால் சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு எஞ்சினின் டிக் டிக் சத்தம் பழகிவிட்டது. அது தளர்ந்தால் உள்ளிருந்தே குரல் வரும்: "டேய், சத்தம் கொறையுது பாரு, வெறகத் தள்ளி வுடு!"