மேலமாசி வீதி கதர் கடையும் ஆபீசுக்குப் போடுற கதர் சட்டையும்

மதுரை மேலமாசி வீதியில 251ஏ நம்பர் கட்டடத்துல ஒரு கதர் கடை இருக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். துணி எடுக்க அந்தப் பக்கம் வர்ற கூட்டம் முக்கால்வாசி பெரிய ஜவுளிக்கடைகளுக்குள்ள போயிடுது, இங்க நிதானமா நின்னு துணிய விரிச்சுப் பாத்து எடுக்கலாம். இந்தக் கடையப் பத்தியும் கதர் சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறதப் பத்தியும் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா கதர்னாலே அரசியல்வாதி டிரெஸ்னு நம்ம ஊர்ல ஆகிப்போச்சு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், தினம் வேலைக்குப் போற சாதாரண ஆளுங்க அந்தத் துணிய அவங்ககிட்ட இருந்து திரும்ப எடுத்துக்கணும்னு நினைக்கிறவன் நான்.

முதல்ல கட்டடம். 1921 செப்டம்பர்ல காந்தி மதுரைக்கு வந்தப்ப இந்த மாடியிலதான் தங்குனாரு, அப்ப இது ஒரு குஜராத்தி வியாபாரியோட வீடு. செப்டம்பர் 22 காலையில வெளிய வரும்போது உடம்புல சட்டை இல்ல, தொப்பி இல்ல, நீள வேட்டியும் இல்ல, இடுப்புல இருந்து முழங்கால் வரைக்கும் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். அங்கிருந்து காரைக்குடிக்குக் கிளம்புனவரு, இப்ப காமராஜர் சாலையில காந்தி பொட்டல்னு சொல்றாங்களே அந்த எடத்துல அந்தக் கோலத்துல முதல் தடவையா ஜனங்க முன்னாடி நின்னாரு. கடைசி நாள் வரைக்கும் அதே டிரெஸ்தான். லண்டன்ல வட்டமேசை மாநாட்டுக்குப் போனப்பவும் அரண்மனையில ராஜாவப் பாத்தப்பவும் அதேதான்.

பல பேரு இத ஒரே ராத்திரியில மனசு மாறின கதையா சொல்றாங்க. அவரே எழுதி வச்சிருக்கிறதப் பாத்தா அப்படி இல்ல. வங்காளத்துல குல்னா பஞ்சத்தப் பத்திக் கேள்விப்பட்டப்ப சட்டையையும் வேட்டியையும் அங்க அனுப்பிடலாமான்னு தோணியிருக்கு, அதுல தன்னோட அகங்காரமும் கலந்திருக்குன்னு நினைச்சு விட்டுட்டாரு. அப்புறம் விசாகப்பட்டினம் பக்கம் வால்டேர்ல, தன்கூட வந்த கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலிய கைது பண்ணினப்ப மறுபடி தோணுச்சு, அப்பவும் அடக்கிக்கிட்டாரு. மூணாவதா மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு வர்ற ரயில்ல கூட வந்தவங்ககிட்ட அந்நியத் துணிய விட்டுட்டுக் கதர் கட்டுங்கன்னு பேசினப்ப, கதர் வாங்க எங்ககிட்ட காசு எங்க இருக்குன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல, முழு டிரெஸ்ல உக்காந்துக்கிட்டு எந்த பதில் சொன்னாலும் அது பொய்யாத்தான் இருந்திருக்கும். அதனால பதில உடம்புல கட்டிக்கிட்டாரு.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அவர் வெளியிட்ட அறிக்கைதான். அக்டோபர் 31 வரைக்கும் இப்படி இருக்கப் போறேன்னுதான் அதுல சொன்னாரு. கூட வேலை செய்றவங்களோ படிக்கிறவங்களோ இதப் பாத்துக் கட்டிக்கணும்னு எதிர்பார்க்கலன்னும் தெளிவா சொல்லிட்டாரு. எவ்வளவு பெரிய தலைவர், ஒரு வார்த்தை சொன்னா லட்சம் பேரு செஞ்சிருப்பாங்க, ஆனா இது என் மனசாட்சிக்கு நான் குடுக்குற பதில்னு தன்னோடயே நிறுத்திக்கிட்டாரு. கதர் பின்னாடி யூனிபார்ம் ஆனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு மனுஷனோட டிரெஸ்ஸுக்கும் மரியாதைக்கும் என்ன தொடர்புன்னு காந்திக்குக் கத்துக்குடுத்தது தமிழ் கூலித் தொழிலாளிங்கதான்னு நான் நம்புறேன். 1894ல தென்னாப்பிரிக்கா டர்பன்ல பாலசுந்தரம்னு ஒரு தமிழர், முதலாளி அடிச்சு முன்பல் ரெண்டு உடைஞ்சு, தலைப்பாகைய கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே அவர் ஆபீசுக்கு வந்தாரு. வெள்ளைக்காரங்க முன்னாடி தலைப்பாகைய எடுத்துடணும்னு பழக்கிவிட்டிருந்தாங்க, அதையே இவர் முன்னாடியும் செஞ்சிருக்காரு. முதல்ல அதக் கட்டிக்கங்கன்னு சொன்னதா காந்தி தன் சுயசரிதையில எழுதியிருக்காரு. 1913ல நேட்டால் ஸ்டிரைக்ல தொழிலாளிங்கள சுட்டுக் கொன்னதுக்கு துக்கம் காட்ட, அந்த ஒப்பந்தக் கூலிங்க உடுத்துற மாதிரியே உடுத்திக்கிட்டு டர்பன் கூட்டத்துல நின்னாரு. மதுரைக்கு வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே இது.

சரி, இப்ப துணிக்கு வருவோம்.

கதர்னு சொல்லணும்னா நூலும் கையால நூத்ததா இருக்கணும், நெசவும் கைத்தறியில இருக்கணும். கைத்தறித் துணின்னு பொதுவா விக்கிறதுல நூல் பெரும்பாலும் மில்லுல வந்தது, நெசவு மட்டும் கை. இந்த வித்தியாசம் தெரியாம நிறையப் பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்குறாங்க. துணிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, நூல் சில எடத்துல தடிமனாவும் சில எடத்துல மெல்லிசாவும் ஓடும், அங்கங்க சின்ன முடிச்சு மாதிரி புடைச்சிருக்கும். அந்த நூலை ஒருத்தங்க உக்காந்து நூத்திருக்காங்கன்றதுக்கு அதுதான் அடையாளம், டேமேஜ்னு நினைச்சு ஒதுக்கி வச்சுடாதீங்க. பாலியஸ்டர் கதர்னும் ஒண்ணு இருக்கு, அதுவும் முறைப்படி விக்கிறதுதான், கசங்காது, ஆனா நம்ம வெயிலுக்கு எனக்கு ஒத்து வரல. சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூல் பிரிச்சுக் கொளுத்திப் பாருங்க, சுத்தப் பருத்தின்னா காகிதம் எரியுற வாசனையோட மெல்லிசு சாம்பலா உதிரும், பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி உருண்டையா கெட்டியாயிடும். வேற ஊர்ல ஒரு கடையில கதர்னு சொல்லிக் குடுத்த சட்டைய வீட்டுல வந்து இப்படிப் பாத்தப்ப நூல் நல்லா உருகுச்சு, அதுல இருந்து அசல் கதர்னு காட்டுற காதி மார்க் முத்திரை இருக்கான்னு பாக்காம நான் பில் போடுறதில்ல.

புதுசுல துணி விறைப்பா இருக்கும், கஞ்சி வாசனையும் இருக்கும். முதல் தடவை தனியா ஊற வச்சா தண்ணி கலங்கலா வரும், அது கஞ்சி இறங்குறது. நாலஞ்சு தடவை துவைச்ச பிறகுதான் துணி இளகி உடம்போட படியும். மே மாசம் மத்தியானம் மதுரையில பஸ் ஏறி எறங்குறவங்களுக்குத் தெரியும், மில் துணி சட்டை முதுகுல அப்படியே ஒட்டிக்கும். கதர் வேர்வைய உறிஞ்சிட்டு கொஞ்ச நேரத்துல காஞ்சுடும், ஏன்னா நூல் இறுக்கமா இல்லாம காத்து போற மாதிரி இருக்கு. குறைன்னு பாத்தா கசங்கும், நல்லாவே கசங்கும், அயர்ன் பண்ணாம போட முடியாது, அதுவும் லேசா ஈரமா இருக்கும்போதே தேய்ச்சாத்தான் சுருக்கம் போகும். அடர் கலர் எல்லாம் ஆரம்பத்துல சாயம் விடும், வெள்ளையோட சேத்துப் போட்டுடாதீங்க. காலர் மடிப்பு சீக்கிரம் தேயும். இதெல்லாம் கதரோட குணம், எங்க வாங்கினாலும் இப்படித்தான்.

நான் ஒரு தனியார் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். கதர் போட்டுக்கிட்டு போக ஆரம்பிச்சப்ப எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், என்ன சார் எந்தக் கட்சின்னு. மேனேஜர் கூப்பிட்டு கிளையண்ட் வர்ற அன்னிக்கு மட்டும் வேற போட்டுக்கங்கன்னு சொன்னாரு. அவர்கிட்ட நான் ஜே.சி.குமரப்பாவப் பத்தித்தான் சொன்னேன். தஞ்சாவூர்ல 1892ல பிறந்தவரு, லண்டன்ல படிச்ச ஆடிட்டர், பம்பாய்ல கோட்டு சூட்டுல தொழில் நடத்துனவரு. அமெரிக்காவுக்குப் போய் பொருளாதாரம் படிச்சாரு, பிரிட்டிஷ் வரி இந்தியாவ எப்படிச் சுரண்டுதுன்னு அங்க எழுதின ஆராய்ச்சியே அவர மாத்திடுச்சு. 1929ல காந்தியப் பாத்த பிறகு கதருக்கு வந்துட்டாரு. ஆனா தொழில விடல, அதுதான் முக்கியம். குஜராத்துல மாதர் தாலுகாவுல வீடு வீடா கணக்கெடுத்து விவசாயி கையில என்ன மிஞ்சுதுன்னு ஆடிட்டர் கண்ணால பாத்து எழுதுனாரு. கொள்கைய கணக்குப் புஸ்தகத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டாரு. கடைசிக் காலத்துல மதுரை பக்கத்துல டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துலதான் இருந்தாரு, 1960 ஜனவரி 30ல, காந்தி இறந்த அதே தேதியில, காலமானாரு. மேனேஜர் முழுசா கேட்டாரு, அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

வேலை பாத்துக்கிட்டே இப்படி இருந்தவங்க நம்ம இலக்கியத்துலயும் உண்டு. பாரதிதாசன் புதுச்சேரியில பிரெஞ்சு அரசாங்கத்துக் கிட்ட சம்பளம் வாங்குற தமிழ் வாத்தியாரு, 37 வருஷம் சர்வீஸ். அந்த வேலையில இருந்துக்கிட்டே கதர தோள்ல சுமந்து தெருத்தெருவா வித்தாரு, 1930ல கதர் இராட்டினப் பாட்டு வெளியிட்டாரு. அவரும் சுயமரியாதை இயக்கத்துக்குப் போனவருதான்.

பெரியார் வழியும் அதுதான். காங்கிரஸ்ல இருந்தப்ப ஈரோட்டுப் பெரிய வியாபாரி குடும்பத்துப் பிள்ளை, பட்டுத் துணிய விட்டுட்டுக் கதர் மூட்டைய தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வித்தாரு, வீட்டுல அம்மா வரைக்கும் எல்லாரையும் கதர் கட்ட வச்சாரு. திருச்செங்கோடு பக்கத்துல ராஜாஜி ஆரம்பிச்ச காந்தி ஆசிரமத்த 1925ல திறந்து வச்சதே அவருதான். அதே வருஷக் கடைசியில காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுல, எல்லா சாதிக்கும் பங்கு வேணும்ங்கிற வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்த எடுத்துக்க மாட்டோம்னதும் வெளிய வந்தாரு, போகப் போக கதரையும் விட்டாரு, 1940கள்ல கறுப்புச் சட்டைக்கு வந்துட்டாரு. 1946ல இதே மதுரையில கறுப்புச் சட்டை மாநாடு நடந்து பந்தலுக்குத் தீ வச்ச கதையும் இந்த ஊருக்கு இருக்கு. காந்திக்கு நினைவா நிக்குற கடைய ரிவ்யூ பண்றப்ப இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி நேர்மைதான். நம்பினப்ப மூட்டை தூக்கினாரு, நம்பிக்கை போனதும் கழட்டிட்டாரு. நம்பிக்கை போன பிறகும் பதவிக்காகக் கதரோட சுத்துனவங்கதான் அந்தத் துணிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தாங்க. அம்பேத்கரையும் சொல்லணும், 1931ல அதே வட்டமேசை மாநாட்டுல காந்தி முழத்துண்டோட உக்காந்தப்ப அவர் முழு சூட்டுல இருந்தாரு. நல்ல துணி உடுத்தவே கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா அடக்கி வச்ச ஜனங்க சார்பா பேச வந்தவரு, அவர் அப்படித்தான் உடுத்தணும். அவர்கிட்ட போய் எளிமையா இருங்கன்னு யாராவது சொல்லியிருந்தா அது அநியாயம்.

அதனாலதான் யாரையும் கதர் போடுங்கன்னு நான் வற்புறுத்துறதில்ல. போட்டா எதுக்குப் போடுறோம்னு தெரிஞ்சு போடுங்க. என்னோட காரணம் ராட்டையில நூல் நூக்குறவங்க. அவங்க வேலை சுலபமாகணும்னு 1929ல காந்தியோட அகில இந்திய நூற்போர் சங்கம், நல்ல ராட்டை கண்டுபிடிச்சா ஒரு லட்ச ரூபாய்னு பரிசு அறிவிச்சும் அத யாரும் வாங்கல. பின்னாடி சுதந்திரம் வந்த சமயத்துல திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன்னு ஒருத்தர் நூல் சுத்துற கதிர் பல வச்ச ராட்டைய உருவாக்குனாரு, அவர் பேர்ல இருந்துதான் அம்பர் சர்க்கான்னு நாடு முழுக்கப் பேரு வந்துச்சு. இப்ப கதர் நூல்ல பெரும்பங்கு அந்த வழியில வர்றதுதான், நூக்குறது அதிகமும் பொம்பளைங்க. மில்லு சட்டைக்குக் குடுக்குறதவிட கொஞ்சம் கூடக் குடுக்குறேன்னா அது அந்தக் கைகளுக்குப் போற வழி இதுல மத்ததவிட நேரா இருக்குன்னுதான். அவங்க கூலி இன்னும் நல்லா உயரணும், கதர் விக்கிற எல்லாரும் அதப் பத்தி வெளிப்படையா பேசணும்னும் ஆசைப்படுறேன்.

கடைக்குப் போறவங்களுக்கு: காந்தி ஜெயந்தி, தீபாவளி சமயத்துல தள்ளுபடி ஓடும், பருத்திக் கதருக்கு வழக்கமா 30 சதவீதம். அரசு ஊழியர்னா தவணையில வாங்கிக்கலாம். வேட்டி, துண்டு, போர்வை, சோப்பு, தேன் எல்லாம் கிடைக்கும், ஆனா நான் போறது சட்டைத் துணிக்குத்தான். நேரம் இருந்தா அப்படியே தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மா அரண்மனையில இருக்குற காந்தி மியூசியத்துக்கும் போங்க, அவர் சுடப்பட்டப்ப கட்டியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. மேலமாசி வீதியையும் அதையும் ஒரே நாள்ல பாத்துடலாம்.

ரெடிமேடவிட மீட்டர் துணி எடுத்துத் தைக்கிறதத்தான் சொல்லுவேன், அளவு சரியா வரும். எடுக்கும்போது கால் மீட்டர் கூடவே எடுங்க, டெய்லர்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊற வச்சுக் காய வச்சுடுங்க. எங்க ஏரியா டெய்லர் ஒருத்தர் நனைக்காமலே வெட்டித் தைச்சுட்டாரு, முதல் துவையலுக்கே கை ரெண்டு விரக்கடை ஏறிப்போச்சு.