மிசோகுச்சி டிவிடி பெட்டி: முதல் வட்டுக்காகவே வாங்கலாம்

பழைய படங்களை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் எக்லிப்ஸ் வரிசையில் 13ஆவது பெட்டி, 2008இல் வந்தது. ஜப்பானிய இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் நான்கு படங்கள், நான்கு வட்டுகள். 'ஒசாகா எலிஜி', 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி கியோன்' இரண்டும் 1936ஆம் ஆண்டுப் படங்கள். மற்றவை போருக்குப் பிந்தியவை (1948, 1956).

'ஒசாகா எலிஜி' 71 நிமிடம். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்து கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் அயாகோ. அப்பா கையாடிய 300 யென்னை அடைக்க முதலாளிக்குச் சின்னவீடாகிறாள். அது தீர்ந்ததும் டோக்கியோவில் படிக்கும் அண்ணனின் கட்டணத்துக்கு 200 யென் வேண்டும் என்று தங்கை வந்து சொல்கிறாள். இன்னொருவரை ஏமாற்றி அதையும் அனுப்புகிறாள். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பா வாய் திறப்பதில்லை. அந்த ஏமாற்றுக்காகப் பிடிபட்டு, போலீஸ் நிலையத்திலிருந்து அவள் வீடு திரும்பும்போது எல்லோரும் சுகியாகி (மேசையிலேயே சமைத்துச் சாப்பிடும் இறைச்சி உணவு) சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் பணத்தில் படித்த அண்ணனே அவளை அருவருக்கிறான். இன்னொரு ஜப்பானிய இயக்குநரான ஓசுவின் 'உமன் ஆஃப் டோக்கியோ'வில் (1933, இப்பெட்டியில் இல்லை) அக்காவின் இரவு வேலை தெரிந்ததும் தம்பி தற்கொலை செய்துகொள்கிறான். இங்கே சாப்பாடு கூட நிற்பதில்லை. எனக்கு இதுதான் கொடூரம்.

கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது, காட்சிகளை வெட்டாமல் ஓடவிடுகிறது. கடைசியில் பாலத்திலிருந்து, அயாகோவாக நடித்த இசுசு யமாடா நேராக நம்மை நோக்கி நடந்து வருவது அதனால்தான் அப்படித் தாக்குகிறது. அப்போது அவருக்கு 19 வயது.

கியோன் (கியோட்டோ நகரின் கெய்ஷா வட்டாரம்) படத்தில் கெய்ஷா சகோதரிகள், அதாவது ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கும் தொழில் செய்பவர்கள். நொடித்துப்போன பழைய ஆதரவாளருக்கு அக்கா நன்றிக்கடன் பார்க்கிறாள். தங்கை ஒமோச்சா (பொம்மை என்று பொருள்) ஆண்களை ஏய்க்கப் பார்க்கிறாள். இருவருக்கும் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இனி வட்டுகள். 1936 படங்களில் கீறலும் இரைச்சலும் உண்டு. ட்ரெபிளை (ஒலியின் கீச்சுப் பகுதியை) குறைத்தால் கொஞ்சம் அடங்கும். விளக்க உரையோ பேட்டியோ கிடையாது, சிறு குறிப்புகள்தான். மண்டலம் 1 (வட அமெரிக்காவுக்கான டிவிடி குறியீடு) வட்டு என்பதால் மண்டலம் 5க்குப் பூட்டிய இந்தியப் பிளேயர்கள் ஏற்காது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். டிவியை 4:3 என்ற பழைய அகல-உயர விகிதத்தில் வையுங்கள். அகலமாக இழுத்தால், அறைக் கதவுகளும் சட்டங்களும் வைத்து மிசோகுச்சி கட்டிய சட்டகம் கெட்டுவிடும். ஆங்கில வசன வரியில் கான்சாய் (ஒசாகா, கியோட்டோ பகுதி) வட்டாரப் பேச்சின் மணம் வரவில்லை. ஒமோச்சாவின் வாய்த்துடுக்கில் பாதி அங்கேதான் தொலைகிறது.