நேபாளமா, இலங்கை மலையகமா: மாணவர் ஊழியக் குழுவை எங்கே அனுப்புவது?

கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் வெளிநாட்டு ஊழியப் பயணம் என்று வாயெடுத்தாலே பிள்ளைகள் நேபாளம் என்பார்கள். பனிமலை தெரியும், விசா வேண்டாம், எல்லைவரை ரயிலிலேயே போய்விடலாம். நானும் முன்பு ஒரு குழுவோடு காத்மாண்டுக்கும் சிட்வனுக்கும் போய் வந்தவன்தான். இந்த முறை நிறைய வாக்குவாதத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கம் போனோம். அடுத்த குழுவையும் அங்கேதான் அனுப்பச் சொல்வேன்.

பயணத்தையும் செலவையும் முதலில் முடித்துவிடலாம். நேபாளத்துக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, அப்புறம் மலைப்பாதையில் இன்னொரு பஸ். காசு மிச்சம், ஆனால் விடுமுறையின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். வாக்காளர் அட்டை இருந்தாலே எல்லையில் போதும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60 என்ற கணக்கு 1993 முதல் மாறவில்லை என்பதால் பொருளாளருக்கும் தலைவலி இல்லை. கொழும்புக்குச் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடுகிறது. பாஸ்போர்ட் வேண்டும், விசா அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டே எடுக்காத மாணவர்கள் குழுவில் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களை நான்கு மாதம் முன்பே விரட்ட வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: இரண்டு இடத்திலும் பருப்பும் சோறும் கிடைக்கும். தேங்காய்ச் சம்பலோடு தோட்டத்து ரொட்டி தின்றவர்கள் ஹட்டனுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

நான் முடிவெடுத்தது இதிலெல்லாம் இல்லை. குழு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இரண்டையும் எடைபோட்டேன்.

நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, 26ஆம் பிரிவில் மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தலும் உண்டு. இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது, நம்மைத் தங்கவைத்த போதகருக்காக. நாம் தெருமுனையில் ஒரு நாடகம் போட்டு, சிறு புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, இரவு பஸ் ஏறிவிடுவோம். விசாரணை என்று வந்தால் கதவு தட்டப்படுவது அவர் வீட்டில்தான். அங்கே இருந்தபோது எங்களை அழைத்தவர் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் சபைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டதன் காரணம் அப்போது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வாசலில் நின்று பாட விடவில்லையே என்று முணுமுணுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கம்வரை நேபாளத்துக்குள் கிறிஸ்தவ சபை என்று சொல்ல ஒன்றுமில்லை. 2021 கணக்கெடுப்பிலோ கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். இந்த வளர்ச்சி பெரும்பாலும் அந்த நாட்டு விசுவாசிகளின் உழைப்பு. சனிக்கிழமை அங்கே வார விடுமுறை என்பதால் அன்றுதான் ஆராதனை. வாசலில் செருப்புகளை விட்டுத் தரையில் அமர்ந்து, மாதல் என்னும் மத்தளத்தோடு பாடுகிறார்கள். அந்தச் சபைக்கு நம் மாணவர்கள் போய்ப் பிரசங்கிக்க என்ன இருக்கிறது? கற்றுக்கொள்ளப் போவதானால் மிக நல்ல இடம். ஆனால் காணிக்கை எடுத்து அனுப்புகிறவர்களிடம் 'கற்றுக்கொள்ளப் போகிறோம்' என்று சொல்லும் துணிவு எத்தனை குழுக்களுக்கு உண்டு?

மலையகத்தில் கணக்கு வேறு. அங்கே தேயிலை பறிப்பவர்களின் முன்னோர் பலர் திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசியார்கள் போனார்கள். அதனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே வேலை ஓடுகிறது. அங்குள்ள ஆயர் எங்களிடம் கூட்டம் நடத்தச் சொல்லவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரம் (O/L) என்னும் பள்ளிப் பொதுத்தேர்வின் கணிதத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்ய முடியுமா என்று கேட்டார். பொறியியல் மாணவர்கள் கைப்பந்தை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டத்தில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். வகுப்பு எல்லாருக்கும் பொது, பாட்டும் ஜெபமும் ஞாயிறன்று ஆலயத்தில் என்று ஆயர் பிரித்து வைத்திருந்தார். அது சரியான ஏற்பாடு.

ஊர் திரும்பியதும் வகுப்பு நிற்கவில்லை. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது. ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்று, கோடு போட்ட நோட்டில் போட்ட கணக்கைப் படமெடுத்து, "அக்கா, பகுதி எண் சரியா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி விடுதியிலிருந்து குரல் பதிவில் திருத்துவாள். காத்மாண்டு பயணத்துக்குப் பின் எங்களிடம் மிஞ்சியவை குழுப்படங்களும் வருடத்துக்கொரு கிறிஸ்துமஸ் வாழ்த்தும்தான். அங்கிருந்த வாலிபர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். எங்களுக்கு நேபாளி தெரியாது, எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இந்தியும் தெரியாது. அன்பு இருந்தும் பேச்சு இல்லை.

மலையகத்தில் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் லயத்துக்குள் நுழைய முடியாது. 2004இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை என்றாலும், உதவி என்ற பேரில் மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம் இன்னும் உயிரோடிருக்கிறது. பை நிறையப் பரிசுப்பொருள் கொண்டுபோனால் அதற்கு எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாமா என்று பயண முகவரைக் கேட்காதீர்கள். அழைக்கும் சபை குடிவரவுத் துறையில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கட்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கொழுந்துக் காட்டில் அட்டை காலில் ஏறும். டிசம்பர் விடுமுறை எங்களுக்கு ஒத்துவந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நான் குழுவோடு வேலை செய்ததில்லை. இங்கே சொன்னதை யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ நீட்டிப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவு பணத்துக்கு அந்தச் சபைக்கே காசோலை அனுப்பலாமே என்று ஒரு மாணவனின் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பைத் தொடரப்போவதில்லை என்றால் அவர் சொன்னபடி செய்வதே மேல்.

நேபாளத்தை யாருக்குச் சொல்வேன்? இந்தி நன்றாகப் பேசும் குழு, அதிலும் செவிலியர் மாணவர்கள், அங்கே நீண்ட நாளாக வேலை செய்யும் மிஷன் மருத்துவமனை முறைப்படி அழைத்தால் தயங்காமல் போகலாம். அப்போதும் தெருமுனை நாடகத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.